எஃபியின் த்ரீ நாட் த்ரீ

அந்த இலையுதிர் காலத்தில் என் கடைக்கு வந்தவர்கள் யாரும் நலம் விசாரிக்கவில்லை. கதவைத் திறந்ததுமே "வந்துச்சா அண்ணே?" என்பார்கள். தோட்டாவைத்தான். பெருந்தொற்றுக்கு மறு வருஷம் கனடாவின் இந்த நியூஃபவுண்ட்லாந்து தீவு முழுக்கத் தோட்டாவுக்குப் பஞ்சம். புதுத் துப்பாக்கிகளுக்காவது எப்போதாவது ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். பழைய த்ரீ நாட் த்ரீ ரைஃபிளுக்கு அதுவும் இல்லை. "இருந்தா உன் கண்ணுக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தே எனக்குத் தொண்டை வறண்டது.

எஃபி பார்டி மட்டும் கேட்கவில்லை. மாவும் தேயிலையும் வாங்கினாள். காலி அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

எங்கள் ஊரில் படுக்கையில் விழுந்தவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டுவதுதான் அவள் வேலை. என் அம்மாவுக்கும் கடைசி நாட்களில் அவள்தான் தலைவாரிவிட்டாள். அதை நான் மறந்தால் மனிதனே இல்லை. புருஷன் லூ மீன்படகில் முதுகை ஒடித்துக்கொண்டு நாற்காலியோடு கிடக்கிறான். பல வருஷம் காத்திருந்த பிறகு அந்த வருஷ அரசாங்கக் குலுக்கலில் அவளுக்கு மூஸ் மான் வேட்டை லைசென்ஸ் விழுந்திருந்தது. ஒரு மூஸ் கிடைத்தால் இரண்டு பேருக்கும் குளிர்காலம் கடந்துவிடும். கிடைக்காவிட்டால் உருளைக்கிழங்கும் டர்னிப்பும்தான். கையில் இருந்ததோ அவள் அப்பாவின் பழைய த்ரீ நாட் த்ரீ ரைஃபிளும் ஒரே ஒரு தோட்டாவும்.

"ஒண்ணு போதாதா? உன் குறி தப்பாதே" என்றேன், அடுத்த முறை வந்தபோது.

"அடிபட்டு ஓடிடுச்சுன்னா? முடிச்சு வைக்க இன்னொண்ணு வேணாமா? வாயில்லா ஜீவனைக் காட்டுல துடிக்கவிட்டுட்டு வந்து எனக்குச் சாப்பாடு எறங்குமா அண்ணே?"

"அடுத்த ஊர்ல ஒருத்தன் வெச்சிருக்கானாமே."

"ஆனை வெலை குதிரை வெலை சொல்றான். அந்தக் காசுக்கு மாட்டுக்கறியே வாங்கிடலாம்."

"ஊர்ல கேட்டுப் பாரேன்."

"எல்லாருக்கும்தான் பஞ்சம். நான் போய்க் கையேந்தணுமாக்கும்!"

அவள் கேட்க மாட்டாள். சரி, எனக்கென்ன வாயில்லையா? எண்ணெய் வாங்க வந்தவன், ஆணி வாங்க வந்தவன், சும்மா கதை பேச வந்தவன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒரே வாரத்தில் என் கல்லாப் பக்கத்தில் த்ரீ நாட் த்ரீ தோட்டாக்கள் முளைக்க ஆரம்பித்தன. ஒருத்தர் வண்டியின் சாம்பல் தட்டிலிருந்து எடுத்து வந்தார். ஒரு விதவை, கணவனின் பழைய கோட்டுப் பையிலிருந்து. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிப் பெயரெழுதி வைத்தேன். சுடாமல் மிஞ்சினால் திருப்பித் தருவதுதான் மரியாதை.

கடைசியாக வந்தவன் ஆம்ப்ரோஸ் கீப்பிங். சதுப்பு நிலத்துப் பழப்புதர் யாருடையது என்று எஃபியோடு சண்டை போட்டு, பதினைந்து வருஷமாக அவள் முகத்தில் விழிக்காதவன். ஒரு தோட்டாவை வைத்தான்.

"பேரு எழுதாதே."

"ஏன்?"

"எழுதாதேன்னா எழுதாதே." ஒரு மூட்டை உப்பை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். கல்லுக்குள் ஈரம் என்பார்கள். அது இப்படி முறைத்துக்கொண்டு வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆறு பொட்டலங்களையும் பார்த்ததும் எஃபி உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே என்னைத் திட்டினாள். "ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டியா? உன் வாயை வெச்சுக்கிட்டு..." பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தாள். ஆறும் ஆறு கம்பெனி, ஆறு எடை. குறி வைத்த இடத்துக்கு மேலே ஒன்று போகும், கீழே ஒன்று போகும்.

"அப்ப என்ன பண்ணுவே?"

"தப்பவே முடியாத தூரத்துக்கு அதை வரவழைக்கணும்."

துணைக்கு நான் போனேன். விடிந்த கொஞ்ச நேரத்தில், சதுப்பின் ஓரத்துக் குட்டைமரங்களுக்குள் உட்கார்ந்து, காப்பி டின்னில் கட்டியிருந்த ஈரக் கயிற்றை அவள் இழுத்தாள். பெட்டை மூஸ் கூப்பிடுவது போலவே முனகியது. எனக்குக் குளிரில் பல் கிட்டியது. அசையாதே என்று கண்ணாலேயே அதட்டினாள். வெகுநேரம் கழித்துக் கிளைகள் முறிய, கடா மூஸ் ஒன்று வந்தது. வாசலிலிருந்து வேலி இருக்கும் தூரம், அவ்வளவுதான்.

தன் சொந்தத் தோட்டாவைத்தான் முதலில் போட்டிருந்தாள். விசையை இழுத்தாள். 'டிக்.' வெடிக்கவில்லை.

கடா தலையைத் தூக்கியது. எஃபி துப்பாக்கியை இறக்கவில்லை. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். பிறகு துப்பாக்கியின் போல்ட்டை மெல்ல இழுத்து, வெடிக்காததை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றினாள். அது வெடித்தது. கடா இரண்டடி வைத்து விழுந்தது, எழவில்லை.

எஃபி தொப்பியைக் கழற்றினாள். "நன்றிப்பா" என்றாள். மூஸிடம் சொன்னாளா, மேலே இருப்பவரிடமா, தெரியாது. நானும் சொல்லிவைத்தேன்.

கறியை அறுத்து மூட்டை கட்டும்போதுதான் கேட்டாள். எங்கள் கரையில், இரவல் தோட்டாவில் விழுந்த மிருகத்தின் இதயம் தோட்டா கொடுத்தவருக்கு. மற்ற எதையும் மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

"வெடிச்சது பேரில்லாத பொட்டலத்துலேர்ந்து எடுத்தது அண்ணே. யாரு குடுத்தது?"

"சொல்லக் கூடாதுன்னு..."

"இதயத்தை நான் என்ன, கடல்லயா போடறது? சொல்லு."

சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு இதயத்தைத் தனியே ஒரு துணியில் சுற்றினாள்.

மற்ற ஐந்து பேருக்கும் கறியும் தோட்டாவும் கொண்டுபோய்க் கொடுத்தோம். மறுநாள் மாலை, ஆம்ப்ரோஸ் வீட்டுக் கதவைத் தட்டும்போது அவள் கையில் சட்டி இருந்தது. நான் இரண்டடி பின்னால் நின்றேன். அடி விழுந்தால் ஓட வசதியாக.

கதவு பாதிதான் திறந்தது. "என்ன?" என்றான்.

"இதயம். ரொட்டித்தூளும் சேவரி வாசனை இலையும் அடைச்சு வேகவெச்சது. உனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியுமே."

அவன் என்னை முறைத்தான். நான் கடலைப் பார்த்தேன்.

"பழைய தோட்டா அது" என்றான் சட்டியைப் பார்த்தபடி. "வெடிக்குமோ வெடிக்காதோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை."

"என்னோடது வெடிக்கலை, ஆம்ப்ரோஸ். உன்னோடதுதான் வெடிச்சுது." அவள் சட்டியை நீட்டினாள். "லூவுக்கு இந்தக் குளிர்காலம் பூரா கறி இருக்கு. ரொம்ப நன்றி."

அவன் சட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. கதவை முழுசாகத் திறந்து, ஒதுங்கி நின்றான்.

"இவ்வளவையும் நான் ஒருத்தனே எப்படித் திங்கிறது? உள்ள வா. லூவையும் கூட்டியாரச் சொல்லு இவனை."