ஏழாம் நம்பர் ஆடு

கவரைப்பேட்டைக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரில் நெல் விளைவித்தவர்கள் செம்மறியும் வைத்திருந்தார்கள். எங்கள் நைனாவிடம் முப்பது உருப்படி இருந்தது. ஐப்பசி மழை பிடித்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். ஆடுகளுக்குத் தாடைக்கடியில் பை மாதிரி நீர் கோத்துக்கொள்ளும், கண்ணின் உட்புறம் சுண்ணாம்பாக வெளுக்கும், நாலைந்து நாளில் செத்துவிடும். நான் நாலாவது படித்த வருஷம் பதினோரு ஆடுகளைப் புதைத்தோம்.

அடுத்த கோடையில் பட்டணத்திலிருந்து ஒரு கால்நடை டாக்டர் வந்தார். ஒல்லியானவர், இளவயது, ஆட்டிடம்கூடக் கூச்சப்படுகிறவர். ஒவ்வொரு ஆட்டின் கழுத்திலும் ஊசி செருகிச் சின்னக் குப்பியில் ரத்தம் எடுத்தார். எந்தக் குப்பி எந்த ஆட்டுடையது என்று தெரிவதற்காக, நம்பர் அடித்த தகர வில்லை ஒன்றை அதன் கழுத்தில் கட்டினார்.

"இன்னாத்துக்கு டாக்டரே இத்தினி ரத்தம்?" என்றார் நைனா.

"ஆட்டு ரத்தத்துல ரெண்டு மூணு வகை இருக்குங்க. அதுல ஒரு வகை வயித்துப் புழுவைத் தாங்கும்னு தோணுது. தாய் தகப்பன்கிட்டேருந்து குட்டிக்கும் அது வரும். பார்த்துட்டு எழுதறேன். அந்த ஆடுங்களை வச்சுக்குங்க, மத்ததை வித்துடுங்க."

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நைனா கைநாட்டு, எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. நான்தான் உரக்கப் படித்தேன். வைத்துக்கொள்ள வேண்டியவை பதினாலு. அந்த வரிசையில் ஏழு இருந்தது, எட்டு இல்லை.

எட்டு என்னுடைய குட்டி. முந்தைய மழையில் அதன் தாய் செத்துப்போனதால், நான் பாலாடையில் பால் புகட்டி வளர்த்தது. பள்ளிக்கூடம் வரைக்கும் என் பின்னாலேயே வரும்.

மறுநாள் நைனா ஒவ்வொரு ஆடாக இழுத்து நிறுத்த, நான் வில்லையைப் பார்த்து நம்பர் சொன்னேன். என் குட்டி வந்ததும், "ஏழு" என்றேன். காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெட்டை வந்தது. "எட்டு" என்றேன்.

நைனா அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னாம்மா சொல்ற? போன மழையில இது ஒரு நாள்கூடப் படுக்கலியே. நல்லாப் பாத்துச் சொல்லு."

"எட்டுதான் நைனா. கடுதாசில இல்ல."

அவர் என்னை நம்பினார். காது கிழிந்தது கும்மிடிப்பூண்டிக் கசாப்புக்காரரோடு போயிற்று.

அந்த ஐப்பசியில் முதலில் தாடை வீங்கியது என் குட்டிக்குத்தான். மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். மூன்றாம் நாள் செத்துப்போனது.

மழை விட்ட பிறகு டாக்டர் மறுபடி வந்தார். நைனா செத்த குட்டியின் கழுத்தில் இருந்த தகர வில்லையை அவர் காலடியில் எறிந்தார். "வச்சுக்கோன்னு சொன்னியே, அதாய்யா மொதல்ல செத்துது! நல்லாருந்த ஆட்டைக் கசாப்புக்கு இஸ்துகினு போக வுட்டேன், உன் பேச்சைக் கேட்டு."

டாக்டர் வில்லையைக் குனிந்து எடுத்தார். நோட்டைப் புரட்டினார். மறுபடி வில்லையைப் பார்த்தார்.

"கடுதாசியை யாருங்க படிச்சது?"

"எம் பொண்ணுதான். நாலாவது பாஸ்," என்றார் நைனா, அந்தக் கோபத்திலும் கொஞ்சம் பெருமையாக.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் பாவாடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

"நான் எழுதினதுலதான் தப்பு வந்திருக்குங்க. மன்னிச்சுக்குங்க."

நைனா ஊர் முழுக்கச் சொன்னார். அப்புறம் எங்கள் பக்கத்தில் ஒருவரும் அவரை ஆட்டுப் பட்டிக்குள் விடவில்லை. பாதி எழுதிய நோட்டோடு அவர் ரயிலடிப் பக்கம் நடந்துபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டணத்தில் படித்தவருக்கு ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே, நல்ல ஏமாளி என்று நினைத்துக்கொண்டு, பாண்டி ஆடப் போனேன்.