கண்ணை மூடிக்கொண்ட ஏணிக்காரர்

ஊரில் பாதி வீடுகளின் கூரைக்கு வெள்ளையடித்தவர் அவர். இருபத்தாறு வருடம் ஏணி மேலேயே கழிந்ததால் பெயரே ஏணிக்காரர் என்றாகிவிட்டது. அப்பேர்ப்பட்டவருக்கு மூன்று வாரமாகத் தலைசுற்றல். படுக்கையில் புரண்டால் போதும், கட்டில், அலமாரி, மனைவி எல்லாம் ராட்டினம் ஏறிவிடும். அண்ணாந்தாலும் அதே கூத்து. இனி ஏணி ஏறவே முடியாதோ என்ற பயம் அவரைத் தின்றது.

ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில், சோதிக்கும் பெண் அவரை மேசைமேல் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தாள். “என் மூக்கையே பாருங்க சார்” என்று தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பினாள். அவர் பார்வை மூக்கைவிட்டு இம்மியும் நகரவில்லை.

“என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பாரா?” என்றாள் கூட வந்திருந்த மனைவி.

“இது சரியா இருக்கு. அடுத்து சாய்ப்பேன். அப்போ கண்ணு துள்ளும். அத வச்சுத்தான் எந்தக் காதுக்குள்ள இருக்கற குட்டித் துகள் இடம் மாறி இப்படிச் சுத்த வைக்குதுன்னு தெரியும். என்ன சுத்தினாலும் கண்ண மூடாதீங்க.”

தலையை வலப்புறம் திருப்பி, மடமடவென்று சாய்த்து, மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டாள். ஏணிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“கண்ணத் திறங்க சார்!”

“திறந்துதான்மா வச்சிருக்கேன்!”

மூன்று முறை சாய்த்தும் இதே கதை.

“பயமா சார்?”

“பயமில்லம்மா, பழக்கம்” என்றாள் மனைவி. “மேல பாத்தா பெயிண்டு சொட்டும்ல? வீட்ல ஃபேனப் பாத்தாக்கூட மூடிக்குவாரு.”

“கண்ணப் பாக்காம எந்தக் காதுன்னு எப்படிச் சொல்றது? அது தெரியாம சரிபண்ண முடியாதே.”

நான்காம் முறை சாய்த்தபோது மனைவி கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“ச்சே, என்னங்க இது! அந்த மூலைல பிரஷ்ஷே படாம திட்டா விட்டிருக்கான்!”

“எங்க?”

கண்கள் அகலத் திறந்தன. திட்டு, விளக்கு, சுவர் எல்லாம் கைகோத்துச் சுழன்றன. அவர் அந்தப் பெண்ணின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, பயத்தில் பாதி, வேடிக்கையில் பாதியாகச் சிரித்தார்.

“துள்ளுது, துள்ளுது! வலது காதுதான்!” என்று அவளும் துள்ளினாள்.

சுற்றல் நின்றதும் தலையை மெல்ல இடப்புறம் திருப்பி, உடம்பையே அந்தப் பக்கம் உருட்டி, நிமிர்த்தி உட்கார வைத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி சாய்த்தாள். கூரை அசையாமல் நின்றது. திட்டும் நின்றது.

“எந்தப் பய அடிச்சான் இத?” என்றார் ஏணிக்காரர்.

“போன வருஷம் இங்க பத்து நாள் வேல பாத்தது யாரு? கண்ண மூடிக்கிட்டு அடிச்சா இப்படித்தான்” என்றாள் மனைவி.

அவர் அசடு வழிந்தார். “எப்பம்மா ஏணி ஏறலாம்?”

“ஒரு வாரம் போகட்டும் சார். வாங்க, இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்.”

“அப்போ அந்தத் திட்டையும் சரிபண்ண ஏணியோடவே வந்துடுறேன்.”