கவிழ்த்து வைத்த குளம்

தொண்ணூறுகளின் தொடக்கம். சுன்னாகத்துக்கு அருகே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு பாடசாலையில் நான் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். தொண்டர் ஆசிரியை என்றால் வேலை உண்டு, சம்பளம் இல்லை. என்றாவது ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் சேலையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய்வருகிறவர்களுக்கு அந்தப் பெயர். எனக்கு வருமானம்தான் இல்லையே தவிர, வாய்க்குக் குறைவில்லை. அந்த வாய் கொண்டுவந்த வினைதான் இந்தக் கதை.

உயர்தரப் புவியியலுக்கு அப்போது புதிய பாடத்திட்டம் ஒன்று வந்திருந்தது. அதுவரை நாடு, தலைநகரம், ஏற்றுமதிப் பொருள் என்று மனனம் செய்து ஒப்புவித்தால் போதும். புதியதில் வெளியே போய் நிலத்தைப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், படம் கீற வேண்டும். பரீட்சையிலும் நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் இடவிளக்கப்படத்தில் ஒரு துண்டைத் தந்து, இங்கே நிலம் எப்படிக் கிடக்கிறது, ஊர் ஏன் இந்த இடத்தில் அமைந்தது என்று கேட்பார்கள். அது கட்டாய வினா. தப்பியோட வழியில்லை.

எங்கள் பாடசாலை அதிபருக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

“பிள்ளை, பழைய பாடத்திலை என்ன குறை? பாடமாக்கினதுகள் பாஸ் பண்ணிச்சுதுகள். உந்தப் படம் கீறுற வேலையெல்லாம் எங்கடை பிள்ளையளுக்குச் சரிவருமோ?”

“சரிவரும் சேர். நான் சரிவரப் பண்ணுவன்” என்றேன். சொன்னேனே, வாய்.

“அப்ப சரி. உந்தப் புதுப் பாடம் படிக்கிற முதல் வகுப்புப் பாஸ் பண்ணட்டும், புவியியல் இருக்கும். இல்லாட்டி அடுத்த வருஷம் அதை நிப்பாட்டிப்போட்டு எல்லாரையும் இந்து நாகரிகப் பாடத்துக்கு மாத்திவிடுவன்.”

வகுப்பு இல்லாவிட்டால் நானும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது. என்னை நம்பிப் புவியியல் எடுத்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்குப் பல்கலைக்கழக வாசல் இந்தப் பாடத்தாலும் திறக்கலாம், இந்தப் பாடத்தாலேயே மூடவும் செய்யலாம்.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. சமவுயரக்கோட்டில்தான் வண்டி நின்றது. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் தொட்டுக்கொண்டு போகும் கோடு அது. மலையை அந்தக் கோடுகளை வைத்துத்தான் படத்தில் காட்டுவார்கள். கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கீறிவிட்டுத் திரும்பினேன். முன்வாங்கில் இருந்த வெங்காயக்காரர் மகள் கையை உயர்த்தினாள். அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

“ரீச்சர், உது வெங்காயத்தைக் குறுக்கை வெட்டின மாதிரியெல்லோ கிடக்கு.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் விடவில்லை.

“ரீச்சர், நீங்கள் மலை பாத்திருக்கிறியளோ?”

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. கோயில் கோபுரமும் பனையும் தண்ணீர்த் தாங்கியும்தான் எங்கள் உயரங்கள். போருக்குள் வளர்ந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்; தெற்கே போகும் பாதையும் மூடிவிட்டதால் ஒருவர்கூடக் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டியதில்லை. நானோ பல்கலைக்கழகத்தில் மலைநாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள். ஆனால் எங்களைக் கூட்டிப்போவதாக இருந்த சுற்றுலா நாட்டுப் பிரச்சினையால் நின்றுபோனது. அதற்கு முன் போக வசதியில்லை, பின் போக வழியில்லை.

“இல்லை” என்றேன்.

அவள், “பறவாயில்லை ரீச்சர், அப்ப நீங்களும் எங்களைப் போலத்தான்” என்றாள். அது கேலியா ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மனதில் இருந்த பாரம் குறைந்தது.

அந்தத் தை மாதம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது கோயிலடிக் குளத்தைப் பார்த்தேன். மாரியில் முட்டி வழிந்த குளம் வற்றத் தொடங்கியிருந்தது. தண்ணீர் இறங்க இறங்கக் கரையைச் சுற்றி வரி வரியாக அடையாளம் விட்டிருந்தது. சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். தண்ணீர் விளிம்பு எங்கும் ஒரே மட்டம்தானே? அப்படியானால் அந்த வரிகள் ஒவ்வொன்றும் சமவுயரக்கோடு! யாரும் கரும்பலகையில் கீறத் தேவையில்லை, குளமே கீறி வைத்திருக்கிறது.

அன்றிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு முழம் இறங்கும்போதும் நாங்கள் குளக்கரைக்குப் போனோம். தண்ணீர் விளிம்பில், வேலிக்கு நடும் கிளுவைத் தடிகளை நட்டு, கயிறு பிடித்து அளந்து, படத்தில் ஒரு கோடு கீறினோம். கடதாசித் தட்டுப்பாடு, பழைய கலண்டர்களின் பின்பக்கம் கைகொடுத்தது. கோடை பிறந்தபோது சில தடிகள் துளிர்த்தும் விட்டன. வெளிக்கோட்டுக்கு ஒரு முழம், அடுத்ததற்கு இரண்டு முழம், உள்ளே போகப்போக மூன்று, நான்கு என்று இலக்கமிட்டோம். எங்கள் ஊரில் அப்படித்தான் அளப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட வளவுக் கிணறு எத்தனை பாகம் ஆழம் என்று கேட்கிற ஊர் அது. தண்ணீர் கீழே இருக்கிற ஊரில் அளவும் கீழ்நோக்கித்தான் போகும்.

படம் அழகாக வந்தது. அதிபர்கூட ஒருநாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையில் வந்து நின்று, “ம், வடிவாய்த்தான் கிடக்கு” என்றார். அன்று நான் சைக்கிளை மிதித்ததாக நினைவில்லை, பறந்துதான் வீட்டுக்குப் போனேன்.

பரீட்சைக்கு முன் அயல் பாடசாலைகள் சேர்ந்து மாதிரிப் பரீட்சை ஒன்று வைத்தன. ஒரு பாடசாலை விடைத்தாளை இன்னொரு பாடசாலை ஆசிரியர் திருத்துவார். எங்களுடையது மானிப்பாய்ப் பக்கம் படிப்பித்த ஒருவருக்குப் போனது. நான் அவரை அதற்குமுன் கண்டதில்லை. சில நாளில் அவரே விடைத்தாள்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நேராக அதிபரின் அறைக்கு வந்துவிட்டார். என்னையும் கூப்பிட்டார்கள்.

“குறை நினையாதேங்கோ ரீச்சர். ஒன்பது பிள்ளையளும் ஒரே பிழையை விட்டிருக்கினம். ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதினவையோ எண்டு எனக்கு ஐமிச்சமாய்க் கிடக்கு” என்றார் மெதுவாக.

கொப்பி அடித்த வகுப்பு என்று பெயர் வந்தால் வகுப்பும் போய்விடும், பிள்ளைகளின் மானமும் போய்விடும். அதிபர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். ஒரு தாளை எடுத்து வாசித்தேன்.

வினாத்தாளில் இருந்தது மலைநாட்டின் ஒரு துண்டு. ரோனியோ என்ற நகல் பொறியில் அடித்தது, நிறம் கிடையாது, இடத்தின் பெயரும் கிடையாது. எங்கள் பிள்ளை எழுதியிருந்தது: ‘இப்பிரதேசத்தின் நடுவே மிக ஆழமான குளம் ஒன்று காணப்படுகின்றது. எல்லாப் பக்கமிருந்தும் வாய்க்கால்கள் அதனுள் வந்து விழுகின்றன.’ அடுத்த தாளில்: ‘குளத்தின் நடுவே கோயில் உண்டு. மாரி காலத்தில் பூசை நடைபெறாது.’ வெங்காயக்காரர் மகளின் தாளில்: ‘மலையில் வளரும் தேயிலை இங்கே குளக்கரையில் வளர்வது வியப்புக்குரியது.’

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாங்கள் ஆழத்தை எண்ணினோம். அரசாங்கப் படம் உயரத்தை எண்ணுகிறது. எங்கள் படத்தில் நடுவில் பெரிய இலக்கம் என்றால் பள்ளம். அவர்கள் படத்தில் அதுதான் மலை உச்சி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. பிடித்தவள் நான்.

பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது. “ஒருக்கால் என்னோடை வாங்கோ சேர்” என்று மட்டும் சொல்லி இருவரையும் குளத்தடிக்குக் கூட்டிப் போனேன். குளம் வற்றி வெடித்துக் கிடந்தது. தடிகள் மட்டும் வளையம் வளையமாக நின்றன. எங்கள் கலண்டர்ப் படத்தை விரித்துக் காட்டினேன். மானிப்பாய் ஆசிரியர் படத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

அதிபர் சிரிக்கவில்லை. “கொப்பி அடிக்கேல்லை எண்டது சரி. ஆனால் உப்பிடி எழுதினால் பாஸ் பண்ணாதுகள்தானே?”

“சேர், இதுகள் தங்கடை கண்ணாலை கண்டதை எழுதியிருக்குதுகள். பாடமாக்கி எழுதின எங்கடை பிள்ளையளைவிட இதுகளுக்கு நிலம் விளங்கியிருக்கு. திருப்பிப் பாக்கத்தான் தெரியேல்லை. சோதினைக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு” என்றார் மானிப்பாய் ஆசிரியர்.

அடுத்த நாளும் அவர் வந்தார். சேட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்த ஒரு துணிச்சுருளை என்னிடம் தந்தார். விரித்தால், துணியில் ஒட்டிய மலைநாட்டின் உண்மையான இடவிளக்கப்படம். நிறங்களோடு அப்படி ஒன்றை அப்போது எந்தக் கடையிலும் வாங்க முடியாது. போர்க்காலத்தில் அதைக் கொண்டு தெருவால் வருவதும் நல்லதல்ல. படம் எதற்கு என்று யார் மறித்துக் கேட்டாலும் வில்லங்கம். முன்பின் தெரியாத ஒருத்திக்கு அதைத் தந்துவிட்டு, “கிழியாமல் தந்தால் காணும்” என்று மட்டும் சொல்லிச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். பின்வாங்கில் இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள்.

“அப்ப நாங்கள் படிச்சதெல்லாம் பிழையோ ரீச்சர்?” என்றாள் வெங்காயக்காரர் மகள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

“பிழையில்லை. தலைகீழ்.”

அவள் கோபத்தோடு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். கோடையில் எங்கள் ஊர்க்காரர் வற்றிய குளத்தில் மண் வெட்டித் தோட்டங்களுக்குப் பசளையாக ஏற்றுவார்கள். அன்றும் கரையில் மாட்டு வண்டிகள் நின்றன, வெட்டிய மண் குவிந்து கிடந்தது. திடீரென்று அவள் எழுந்து நின்றாள்.

“ரீச்சர், குளத்துக்குள்ளை இல்லாத மண் அந்தா கரையிலை குவிஞ்சு கிடக்கு. மலையெண்டால் அதுதானே? குளத்தைக் கவிழ்த்து வைச்சால் மலை!”

இரண்டு பனையோலைக் கடகம் நிறையக் குளத்து மண் கொண்டுவந்தோம். பாடசாலைக் கிணற்றடியில் கால் கழுவுகிற தொட்டிக்குள் ஒரு மலை கட்டி, வெயிலில் காயவிட்டோம். பிறகு உச்சி மூடும்வரை தண்ணீர் இறைத்து நிரப்பி, தொட்டியின் அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். முதலில் உச்சி தலைகாட்டியது. தண்ணீர் நான்கு விரல் இறங்க, அடைப்பை மூடிவிட்டு விளிம்பெங்கும் புளியங்கொட்டை பதித்தார்கள். இன்னும் நான்கு விரல் இறங்க, இன்னொரு வளையம். இம்முறை இலக்கத்தைத் தொட்டியின் அடியிலிருந்து மேல்நோக்கி எண்ணினோம். மூன்றாவது வளையம் முடிவதற்குள் மலையின் ஒரு பக்கம் பொதக்கென்று சரிந்து விழுந்தது.

“மண்சரிவு! மண்சரிவு!” என்று ஒன்பது பேரும் குதித்தார்கள். வானொலியில் மட்டும் கேட்ட சொல்லை அன்று கண்ணால் கண்ட சந்தோஷம். என் சேலை முழுக்கச் சேறு. என் ஆசிரிய வாழ்க்கையில் அதைவிட நல்ல பாடம் ஒன்றும் நான் நடத்தியதில்லை.

அதன்பிறகு தினமும் அந்தத் துணிப்படத்தை மேசையில் விரித்து விரலால் மலை ஏறினோம். கோட்டில் விரலை வைக்குமுன் எல்லோரும் உரக்கக் கேட்க வேண்டும்: “ஏறுறமோ, இறங்குறமோ?” இலக்கத்தைப் பார்த்துப் பதில் சொன்ன பிறகுதான் விரல் நகரலாம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தம் தாங்காமல் முறைப்பாடு செய்தார். பரீட்சைக்கு முன்பே படம் கிழியாமல் மானிப்பாய்க்குத் திரும்பிப் போனது.

பரீட்சை நாளன்று வாசலில் வேப்பமரத்தின் கீழ் நின்றேன். நின்றேன் என்பது பெயருக்குத்தான். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மணி அடித்ததும் அவள்தான் முதலில் வந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. என்னை அப்படித் தவிக்கவிட அவளுக்கு விருப்பம். கிட்ட வந்து, பின்னலைச் சரிசெய்துகொண்டு, ஒரு சொல் சொன்னாள்.

“ஏறினம்.”

அத்தனை பேருக்கு முன்னால் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

பெறுபேறு வர மாதங்கள் ஆயின. ஒன்பது பேரும் தேறியிருந்தார்கள், ஒருவன் மட்டும் மயிரிழையில். அதிபர் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் பாராட்டவில்லை. அடுத்த வருடப் பாடங்களின் நேரசூசியைக் கையில் தந்தார். அதில் புவியியல் இருந்தது. நான் அறையை விட்டு வெளியேறும்போது, “பிள்ளை, உந்தக் கிணத்தடித் தொட்டியை இனியாவது கழுவி விடும். ஒருத்தருக்கும் கால் கழுவ வழியில்லை” என்றார். அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

பல வருடங்கள் கழித்து, பாதை திறந்த பிறகு, நான் முதன்முதலாக மலைநாட்டுக்குப் போனேன். பஸ் ஒரு வளைவில் திரும்ப, பனிப்புகார் விலகி எதிரே மலை நின்றது. சரிவெல்லாம் தேயிலை, நடுவே வெள்ளை நூலாக அருவி, உச்சியில் ஒரு சின்னக் கோயில். தலை நரைத்த வயதில் யன்னலோரம் இருந்து, ‘எங்கள் குளத்தை ஆரோ கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் நான் ஏன் தனியாகச் சிரிக்கிறேன் என்று பார்த்தாள்.

இன்றும் ஒரு பிள்ளை முழுக்க முழுக்கப் பிழையாக எழுதிய விடையைக் கண்டால், சிவப்புப் பேனையைத் திறக்குமுன், இந்தப் பிள்ளை எந்தக் குளக்கரையில் நின்று இதைப் பார்த்திருக்கும் என்று ஒருதரம் யோசிக்காமல் எனக்குக் கை ஓடுவதில்லை.