துக்க வீட்டில் சொன்ன கிரேக்கச் சொல்

நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர். தபால் வழியில் இறையியலும் படித்ததால், துக்க வீட்டு ஜெபங்களில் செய்தி கொடுக்கச் சபையார் என்னைத்தான் அழைப்பார்கள். கிரேக்கச் சொல் ஒன்றாவது இல்லாமல் நான் பிரசங்கம் செய்ததில்லை.

எங்கள் சபை எஸ்தரம்மாளின் ஒரே மகள், கங்கைகொண்டானில் வேலை முடிந்து அவள் வந்த வேன் கவிழ்ந்து இறந்துபோனாள். மூன்றாம் நாள் ஜெபத்தில் ‘தியோடிசி’ என்ற சொல்லை எடுத்தேன்.

“தியோஸ் என்றால் கடவுள், டிகே என்றால் நீதி. இத்தனை தீமைக்கு நடுவிலும் கடவுள் நீதியுள்ளவரே என்று நிறுவும் வாதம் இது.”

வேர்கள் கிரேக்கம், சொல்லை உருவாக்கியவர் ஜெர்மானியத் தத்துவவாதி என்பதையும் விடவில்லை. நடுவில் எஸ்தரம்மாள் சத்தம்போட்டு அழுதார். பேச்சு தடைபட்ட எரிச்சலில், “கொஞ்சம் அமைதியா கேளுங்கம்மா” என்றேன். அவர் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். நான் முழுவதையும் சொல்லி முடித்தேன். வாசலில் ஒருவர், “சாருக்கு கிரேக்கமெல்லாம் தெரியுதே!” என்றார். பூரித்துப்போனேன்.

நான்கு வருடம் கழித்து என் மகன் காய்ச்சலில் போனான். மூன்றாம் நாள் எஸ்தரம்மாள் வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு எங்க வீட்ல ஒரு வார்த்தை சொன்னியள்லா சார், அத இன்னொருக்க சொல்லுங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நான் அழ மாட்டேன் சார். அமைதியா கேக்கேன்.”

நான் வாய்விட்டு அழுதேன். அவர் எழுந்து போகவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தச் சொல்லின் பொருள் இன்றும் எனக்கு மனப்பாடம். அதை அவரிடம் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை.