அண்ணியின் செல்கள்

எங்கள் ஆய்வகத்தில் நடப்பதைச் சொல்வது சுலபம். செடியைக் காயவைத்து, அரைத்து, சாறு இறக்குவோம். அந்தச் சாற்றைப் பிரித்துப் பிரித்து, எந்தப் பகுதி புற்றுச் செல்லைக் கொல்கிறது என்று பார்ப்போம். தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் படரும் ஒரு கொடியின் வேரோடு நான் சில வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அண்ணிக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குள் வயிறெல்லாம் பரவியிருந்தது. அண்ணன் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய அண்ணி, ஆஸ்பத்திரி வார்டிலும் அதே குரலில்தான் பேசுவார். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும்போதெல்லாம் குழாய் சொருகி ஒரு பையில் வடித்தார்கள். ஒருநாள் அந்தப் பையைக் காட்டிக் கேட்டார்.

"ஏன் அம்மணி, இத என்ன பண்ணுவாங்க?"

"கொட்டிருவாங்க அண்ணி."

"இதுக்குள்ளயும் அந்தக் கருமம் இருக்குமல்ல? நீ கொண்டுபோயி உன்ற மருந்த ஊத்திப் பாரு."

பிறகு, குரல் இறங்கி, "எனக்கு ஆகுமா?" என்றார்.

"இல்லீங்க அண்ணி. மருந்தாகி வர்றதுக்கு வருசக்கணக்காகும். ஆகாமயும் போயிரும்."

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டில் மகள் பாப்பாவுக்கு யார் தலை பின்னிவிட்டார்கள் என்று கேட்டார்.

டாக்டரிடம் பேசி, முறையாக அனுமதி பெற்று, அண்ணியின் கையெழுத்தோடு அந்த நீர் எங்களிடம் வந்தது. ஐப்பசி மழையில் அண்ணி போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, அந்த நீரிலிருந்து பிரித்து வளர்க்க வைத்த தட்டின் அடியில் அண்ணியின் புற்றுச் செல்கள் ஒட்டிக்கொண்டு நெருக்கமாகப் பரவியிருந்தன. நான் இல்லாத நாட்களில் கூட வேலை செய்யும் பெண் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடையதாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வேர்ச் சாற்றின் ஒரு பகுதியை அவற்றில் விட்டோம். மறுநாள் பார்த்தால் செல்கள் சுருண்டு, பிடி விட்டு மிதந்தன. அந்தப் பெண் கை தட்டினாள். நான் வெளியே போய்ச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். அண்ணியைக் கொன்றது அவைதான். அண்ணியுடையதாக உயிரோடு மிஞ்சியிருந்ததும் அவைதான்.

மருந்து படாத தட்டுகள் இன்னும் இருக்கின்றன என்று சொன்னதும் அண்ணன் பார்க்க வேண்டும் என்றார். தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தார். வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரவைத்தேன்.

"அசையவே இல்லியே."

"அப்படித்தானுங்கண்ணா இருக்கும்."

"இதுதான அவளத் தின்னுச்சு?"

"ஆமாங்கண்ணா."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணை எடுக்காமல், "இதுக்குத் தீனி என்ன குடுக்கறே?" என்றார்.

"சர்க்கரை, சத்தெல்லாம் கலந்த ஒரு தண்ணிங்க."

"வேளைக்குக் குடுத்துப்போடறியா?"

"குடுத்தர்றனுங்கண்ணா."

"குடு அம்மணி. கடைசில அவளுக்கு ஒரு வாய் எறங்கல."

அதன்பிறகு போன் பண்ணும்போதெல்லாம், "அது நல்லாருக்குதா?" என்று கேட்பார்.

வேர் மருந்தாகவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஈரலைக் கெடுத்தது. அதோடு அந்த வேலையை நிறுத்தினோம். மிச்சமிருந்த செல்களும் மெல்ல வளர்ச்சி குறைந்து, பெருகாமல் நின்றுவிட்டன. நோயாளியிடமிருந்து நேராக எடுப்பவை பெரும்பாலும் அப்படித்தான். முன்பே கொஞ்சம் உறையவைத்திருந்ததை எடுத்து வளர்த்துப் பார்த்தோம், அதுவும் பிழைக்கவில்லை. கடைசித் தட்டில் பிளீச்சிங் கரைசலை நானே ஊற்றினேன். வேறு யாரையும் செய்யவிடவில்லை.

ஒரு வாரம் அண்ணனின் போனை எடுக்காமல் தட்டிக்கழித்தேன். பிறகு நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

"செரி அம்மணி," என்றார்.

போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.