கைகாட்டி செல்வராஜ் அண்ணன்

செல்வராஜ் அண்ணன் இன்று விடியற்காலை தவறிவிட்டார். றொசல்லயில், அவர் வீட்டில், தூக்கத்திலேயே... மகள் மலர் போன் பண்ணிச் சொன்னார்.

இந்தப் பெயர் உங்களில் பலருக்குத் தெரியாது. 'கைகாட்டி' என்றால் தெரியும். இணையக் கலைக்களஞ்சியத்தில் பெண் விஞ்ஞானிகளைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளுக்கெல்லாம் மேலே 'ஆதாரம் போதாது' என்று பலகை மாட்டிக்கொண்டிருந்தாரே, அவரேதான்.

அவரை அதிகம் திட்டியவள் நான். அதனால் நானே எழுதுகிறேன்.

கந்தப்பளையில் நான் விஞ்ஞான டீச்சர். ஒருமுறை பத்தாம் தரப் பிள்ளைகளிடம், ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றி எழுதி வரச் சொன்னேன். வகுப்பு முழுக்க ஒரே வெள்ளைக்கார அம்மாவை எழுதிக்கொண்டு வந்தது. தமிழில் தேடினால் அவர் மட்டும்தான் வருகிறாராம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டயகமவில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோயை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய கலாநிதி மங்களேஸ்வரி பற்றி அன்றே உட்கார்ந்து எழுதினேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் வாயால் சொல்லும் கதை. 'மலையகத்தின் விடிவெள்ளி' என்றெல்லாம் போட்டிருந்தேன்...

இரண்டு மணி நேரத்தில் பலகை வந்தது. ஆதாரம் இல்லை, ஒரு வாரத்தில் நீக்கப்படும். மாட்டியவர், கைகாட்டி.

உரையாடல் பக்கத்தில் நான் எழுதிய பதிலை இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. பெண் என்பதாலா, தோட்டத்துப் பெண் என்பதாலா, நீங்கள் எந்த ஊர்த் துரை... இப்படி ஒரு பக்கம்.

அவர் எழுதியது இரண்டே வரி. "அவங்க பெரிய ஆளுதான்னு நானும் நம்புறேன். ஆனா நான் நம்புறது ஆதாரம் ஆகாதுங்களே." கூடவே, விடிவெள்ளியை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நாள் தனியாக ஒரு மெசேஜ். நீங்கள் மலையகமா என்று கேட்டிருந்தார். மங்களேஸ்வரியின் அம்மா விடியக் காலையில் பெரட்டுக்குப் போனார் என்று எழுதியிருந்தேன். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் என்று விளக்கமே இல்லாமல் எழுதுகிற ஆள் நம்ம ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டார்.

அவர் றொசல்ல. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரயிலில் இலவசமாகப் போகிற வாரண்ட் சும்மா கிடக்கிறது, கண்டி நூலகத்தில் பழைய பேப்பரெல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள், சனிக்கிழமை வருகிறீர்களா என்று கேட்டார்.

நானுஓயாவில் ரயில் ஏறினதிலிருந்து, கேட்க வேண்டிய கேள்வியையெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். றொசல்லயில் ஏறியவர் ஒல்லியாக, ஸ்வெட்டரும் குடையுமாக இருந்தார். உட்கார்ந்ததும் ரொட்டியும் கட்டசம்பலும் இருந்த பார்சலைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். ஒத்திகை வீணாய்ப் போனது.

நூலகத்தில் மதியம் வரைக்கும் தூசியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஒரு படம் கண்ணில் பட்டது. ஏதோ மாநாடு. கோட் போட்ட ஐந்து பேர், நடுவில் சேலையில் மங்களேஸ்வரி. கீழே ஐந்து பேரின் பெயரும் இருந்தது. கடைசியில் 'மற்றும் ஒரு பெண்மணி'.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அஞ்சு ஆம்பளைக்கும் இனிஷியலோட பேரு போட்டிருக்கான் டீச்சர். இந்தம்மாவுக்கு மட்டும் பேரு இல்லையா?"

அவருக்கு அவ்வளவு கோபம். சரி, இந்தப் படம் போதும் என்பார் என்று நினைத்தேன். பெயர் இல்லாத படம் ஆதாரம் ஆகாது என்று சொல்லிவிட்டார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது...

எழுந்து போய் நூலக அம்மாவிடம் சிங்களத்தில் என்னவோ பேசினார். அந்த அம்மா உள்ளேயிருந்து ஒரு சிங்களப் பத்திரிகையின் பழைய கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் அரைப் பக்கப் பேட்டி. பெயர், டயகம, கொப்புள நோய், எல்லாம் இருந்தது. அண்ணன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நூலகம் பூட்டுகிற நேரம்வரை நாங்கள் எழும்பவில்லை.

திரும்பி வரும்போது ரயிலிலேயே, நாவலப்பிட்டி தாண்டுவதற்குள், போனில் பலகையைக் கழற்றினார். குறிப்பில் போட்டது, 'ஆதாரம் கிடைத்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம்.' போட்டுவிட்டு அவரே சிரித்தார்.

கொஞ்ச நாளில் கலாநிதி அம்மாவே பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி என்னைக் கேட்டார். கண்டியில் ஓய்வில் இருக்கிறாராம். கட்டுரை பிடித்திருக்கிறது, பிறந்த வருஷம் மட்டும் தப்பு என்றார். அண்ணனையும் அதே லைனில் சேர்த்துவிட்டேன்.

"மன்னிக்கணும்ங்கம்மா, உங்க பொறந்த வருஷத்துக்கு உங்க வாய் வார்த்தை செல்லாதுங்க. எதுலயாச்சும் அச்சாகியிருக்கா?"

எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் அம்மா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. தன் மாணவர்களைத் தானும் இப்படித்தான் பாடாய்ப் படுத்தியதாகச் சொன்னார். அடுத்த நாள் ஒரு பழைய ஆண்டறிக்கையின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். வருஷம் மாறியது.

அதன் பிறகு அவர்கள் இருவரும் போன் சிநேகிதர்கள். பூஞ்சைகளின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று வாரா வாரம் சண்டை. ஒரு தடவைகூட நேரில் சந்தித்துக்கொள்ளவில்லை...

இப்போது என் பிள்ளைகளும் கட்டுரை எழுதுகிறார்கள். அவர்களுக்கும் அண்ணன் தயவு தாட்சண்யம் இல்லாமல் பலகை மாட்டினார். போன மாதம் ஒருத்தி மூன்று வரிக் கட்டுரைக்கு ஆறு ஆதாரம் போட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே எனக்குப் போன். "டீச்சர், ஒங்க புள்ள ஒருத்தி இன்னைக்கு என் வாய அடைச்சிட்டா." குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

நாளைப் பகல் இரண்டு மணிக்கு அடக்கம். காலை ரயிலில் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கலாநிதி அம்மாவும் கண்டியிலிருந்து வருகிறார். முட்டுவலி, ரயில் படி உயரம், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. றொசல்லயில் அவரைக் கைபிடித்து இறக்க நாங்கள் முன்கூட்டியே போய் நிற்போம்.

வந்துகிட்டு இருக்கோம் அண்ணே.