மேற்கே பார்த்து நின்றவர்

ஆடி பிறந்தால் ஊரில் எல்லார் வீட்டிலும் கூழ் வாசனை அடிக்கும். எங்கள் வீட்டில் மட்டும் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூசன் வாசனை அடிக்கும். கண்ணை லேசாகக் கரித்து, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, சோற்றிலும் பாயிலும் ஏறி, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை முகத்தைச் சுளிக்கிற அளவுக்கு எங்கள் பாவாடை சட்டையிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். திருமானூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த காசிம் பாய், சிமெண்டு லாரிக்காரர்கள் வேண்டாமென்று கழற்றிப் போட்ட டியூப்புகளையெல்லாம் சேர்த்துவைத்திருந்து, ஆடி மாதம் சைக்கிள் கேரியரில் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். காற்றடித்த டியூப்பை மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

"பாயி, ஆத்துல போறதுக்கு இத்தன ஒட்டு போடுறீங்களே, எங்க வூட்டுக் கூரை எத்தன வருசமா ஒழுவுது, அதுக்கும் ஒண்ணு ஒட்டிட்டுப் போனா என்னவாம்?" என்பாள் அம்மா.

"கூரை ஒழுவுனா நீ நனைவம்மா. தெப்பம் ஒழுவுனா உன் வூட்டுக்காரன் நனைவான். எது தேவலன்னு நீயே சொல்லு."

"ரெண்டு நாளு அவரு நனையட்டும் பாயி, தப்பில்ல."

அப்பா காதில் விழாத மாதிரி டியூப்பைத் தடவிக்கொண்டிருப்பார்.

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்குக் கிழக்கே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அரியலூர் என்றாலே சுண்ணாம்புக்கல்லும் புழுதியும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கோ ஆறுதான் முதலில். வருடத்தில் பாதி நாள் அது வெறும் மணல். மாடு மேயும், பிள்ளைகள் பந்தடிப்பார்கள், நடுவே உயர்ந்து நிற்கும் திட்டுகளில் பெண்கள் புல்லறுப்பார்கள். மேட்டூர் நிரம்பி, முக்கொம்பில் உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டால், மறுநாளே அதே மணல் இருக்கிற இடம் தெரியாது. ஒவ்வொரு வருடமும் ஒருத்தராவது திட்டில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களைப் போய்க் கொண்டுவருகிற ஆட்களுக்கு எங்கள் ஊரில் "கழிக்காரங்க" என்று பெயர். என் அப்பா தங்கராசு, கழிக்காரர்.

கழிக்காரர்களை யாரும் நியமித்ததில்லை. பம்புசெட் கொட்டகையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை யாராவது விடாமல் அடித்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருகிறவன் கழிக்காரன், அவ்வளவுதான். என் பாட்டன் பூட்டன் காலத்தில் காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப் போனார்களாம். பிறகு வாழைமரத்தைக் கோத்துத் தெப்பம் கட்டினார்கள், பிறகு பரிசல் வந்தது, அதற்கப்புறம்தான் டியூப்புகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். ஊரில் வயதைக்கூட அதை வைத்துத்தான் சொல்வார்கள். "இவ டியூப்பு வந்த வருசம் பொறந்தவ" என்று என்னைக் காட்டிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் கலியபெருமாள் மாமா. குட்டையான ஆள், வாய் மட்டும் நீளம். ஆற்று நடுவே இருக்கிற மணல்மேட்டுக்குத் திட்டு என்று பெயர், அங்கே மாட்டிக்கொண்டவர்கள் தெப்பத்தில் கால் வைத்ததும் மாமா வாயிலிருந்து வருவதற்கும் அதே பெயர்தான். "ஒரு திட்டுலேருந்து எறங்கி இன்னொரு திட்டுல ஏறுனேன்" என்று கரையேறியவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். உயிர் பிழைத்து வருகிறவரை ஏன் இப்படித் திட்ட வேண்டும் என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். "அழுவுறவன் ஆடிக்கிட்டே இருப்பான் பாப்பா, தெப்பம் கவுந்துடும். கோவத்துல இருக்கறவன் பாரு, கல்லு மாதிரி உக்காந்திருப்பான்" என்றார். யாருக்கு எதைச் சொன்னால் கோபம் வரும் என்று அவர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

எங்கள் தெரு வாசற்படியைக்கூட மிதிக்காத பெரிய பண்ணைக்காரர் ஒருவர், ஒரு வெள்ளத்தில் என் அப்பா இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து கரையேறினார். ஊரே அதைப் பேசிச் சிரித்தபோது மாமா மட்டும் சிரிக்கவில்லை. "கரையிலதான்டா தெருவு. தெப்பத்துல ஏது தெருவு? இருக்கறது நாலு டியூப்பு" என்றார்.

அவர்களிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. திட்டில் மாட்டிக்கொண்டவரின் சொந்தக்காரன் தெப்பத்தில் ஏறக் கூடாது, எவ்வளவு பெரிய கழிக்காரனாக இருந்தாலும் சரி. வெள்ளத்தில் திட்டுக்கு நேராகப் போக முடியாது. கரையோடு, தண்ணீர் வருகிற மேற்குப் பக்கமாக வெகுதூரம் போய், அங்கிருந்து தெப்பத்தை விட்டு, தண்ணீர் இழுக்கிற போக்கிலேயே சாய்ந்து சாய்ந்து வந்து திட்டைப் பிடிக்க வேண்டும். சொந்தக்காரன் ஏறினால் அந்தப் பொறுமை இருக்காது, ஆள் தெரிந்ததும் நேரே கழி போடுவான் என்பது அவர்கள் கணக்கு. "அவன் மொகத்தப் பாத்துக்கிட்டே போவான், தண்ணியப் பாக்க மாட்டான்" என்பார் மாமா.

அப்படி ஏறாமல் நிற்கிறவனுக்கு அவர்கள் ஒரு வேலை வைத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. திட்டுக்குக் கொஞ்சம் மேற்கே, கரை ஆற்றுக்குள் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அவன் போய் நிற்க வேண்டும். மேற்கே பார்த்து நிற்க வேண்டும். வெள்ளத்தில் வேரோடு அடித்துக்கொண்டு வருகிற மரம் தெப்பத்தில் இடித்தால் அவ்வளவுதான். அதனால் மரம் கண்ணில் பட்டதும், விரலை மடக்கி வாயில் வைத்துச் சீழ்க்கை அடிக்க வேண்டும். தெப்பம் கரையேறிவிட்டது என்று தகவல் வரும்வரை அவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. தன் ஆள் முதுகுக்குப் பின்னால் தண்ணீருக்கு நடுவே நிற்க, இவன் வெறும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்தோணி அண்ணனின் தம்பி ஒரு வருடம் மாட்டோடு திட்டில் சிக்கிக்கொண்டபோது, தானும் கழிக்காரர்தானே என்று அண்ணன் பாய்ந்து தெப்பத்தில் ஏறிவிட்டார். சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கியது என் அப்பா. "நீயெல்லாம் மனுசனா?" என்று கரையே கேட்கும்படி அந்தோணி அண்ணன் கத்தினார். தம்பி நல்லபடியாக வந்து சேர்ந்தும், அறுவடை முடிகிற வரைக்கும் அவர் அப்பாவோடு பேசவில்லை. எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போவார்.

அதற்கு அடுத்த ஆடியில்தான் அம்மா மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம்தான் தண்ணீர் வரும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போயிருந்தார்கள். அதை நம்பி, காலையிலேயே பெண்கள் கூட்டமாகத் திட்டுக்குப் புல்லறுக்கப் போனார்கள். தண்ணீர் மைக்குக்காகக் காத்திருக்கவில்லை. மேற்கே நிறம் மாறுவதைப் பார்த்ததும் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். அம்மாவும் பாதி தூரம் வந்தவள்தான். திட்டில் கட்டிப் போட்டிருந்த எங்கள் கிடேரிக் கன்று கத்துவதைக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டாள். முளைக்கயிற்றை அவிழ்த்து நிமிர்வதற்குள், திட்டுக்கும் கரைக்கும் நடுவே முழங்கால் அளவிருந்த தண்ணீர் மார்பளவாகிவிட்டது. கிடேரி நீந்திக் கீழ்க்கரை ஏறிவிட்டது. அம்மாவுக்கு நீச்சல் தெரியாது.

தண்டவாளம் அடித்தார்கள். அப்பாவுக்கு அன்று சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு வேலை இல்லை. எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்து தெப்பத்தை இழுத்துப் போட்டுக் கழியை எடுத்தபிறகுதான், திட்டில் இருப்பது யார் என்று யாரோ சொன்னார்கள். அப்பா கழியை விடவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அவர் கை நரம்பெல்லாம் புடைத்திருந்தது. தெப்பத்துக்கு முன்கழி அவர்தான், அவரை விட்டால் அந்த வேலைக்குத் தேறுகிற ஆள் அந்தோணி அண்ணன் ஒருத்தர்தான். அவர் வந்து எதிரில் நின்றார். பழையதை எடுத்து ஏதாவது சொல்லப்போகிறார் என்றுதான் கரையில் எல்லாரும் நினைத்தார்கள்.

"அண்ணே, மேக்க போங்க" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

அப்பா அப்போதும் விடவில்லை.

"குடுறா தங்கராசு. சட்டம் பேசுனவன் நீதான?" என்று கலியபெருமாள் மாமா அதட்டினார்.

அப்பா கழியை அந்தோணி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு மூக்குக்கரையை நோக்கி நடந்தார். நானும் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். தெப்பத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் மேற்கே, நாணல் புதர் தாண்டிய வளைவுக்கு அவர்கள் போய்விட்டார்கள்; எங்களுக்குக்கூட அது கண்ணில் படவில்லை. அப்பா போய் நின்றார். மேற்கே பார்த்தார்.

"அப்பா, அம்மாவப் பாருப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ பாத்துச் சொல்லு. நான் இங்க பாக்குறேன்."

அம்மா இருக்கிற மேடு ஒரு பாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. முந்தானையை அவிழ்த்து எங்களைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுது?" என்றார் அப்பா, மேற்கே பார்த்தபடியே.

"சேலைய ஆட்டுதுப்பா. நம்மளத்தான் கூப்புடுது."

"ம்."

கொஞ்ச நேரத்தில் அம்மா வீசுவதை நிறுத்தினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. "அப்பா, அம்மா உக்காந்துடுச்சுப்பா!" என்று அலறினேன்.

"உக்காந்துடுச்சா?" அப்பாவின் தோள் லேசாக இறங்கியது. "சரி. என்னப் பாத்துடுச்சு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு தெப்பம் வளைவைத் தாண்டி வந்தது. அந்தோணி அண்ணன் முன்னால், மாமா பின்னால். எங்களைக் கடந்து திட்டை நோக்கிச் சாய்கிற நேரத்தில் அப்பா சீழ்க்கை அடித்தார், காது கிழிகிற மாதிரி. நான் மேற்கே திரும்பினால், வேரும் கிளையுமாக ஒரு முழு மரம் உருண்டுகொண்டு வருகிறது. தெப்பத்தில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீழ்க்கையை நம்பித் கழியை எதிர்ப்பக்கம் போட்டுக் கரையோரம் ஒதுங்கினார்கள். மரம் அவர்களுக்கும் திட்டுக்கும் நடுவே போயிற்று. அது போனதும் மறுபடி சாய்ந்தார்கள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கிட்டப் போயிட்டாங்க. கையைக் குடுத்துட்டாங்க. அம்மா ஏறிடுச்சு. தெப்பம் கிழக்கே இழுபட்டுப் போய்ப் படித்துறைப் பக்கம் மறைந்தது. அப்பா மேற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையோரமாகக் குரல் கைமாறிக் கைமாறி வந்தது. "கரையேறியாச்சு!"

"யாரு சொன்னா? கலியன் சொன்னாரா?" என்று கேட்டார்.

"கலியபெருமாள் மாமாதான் சொன்னாங்களாம்பா."

அதற்கப்புறம்தான் திரும்பினார். திரும்பியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறைக்கு நடந்தார்.

படித்துறையில் அம்மா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் மாமா என்ன திட்டினாரோ, முகம் சிவந்துபோயிருந்தது. "ஒரு கன்னுக்குட்டிக்கு இருக்குற புத்திகூட எனக்கு இல்லியாம், சொல்றாரு!" என்று அப்பாவைப் பார்த்ததும் முறையிட்டாள். அந்தோணி அண்ணன் சிரித்துவிட்டார். அப்பா போய் அவர் பக்கத்தில் நின்றார். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் தெப்பத்தைப் பிடித்துத் தூக்கினார்கள்.

ராத்திரிச் சோறு போடும்போது அம்மாவிடம், அப்பா உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று கோள் மூட்டினேன். அம்மா சிரித்தாள். "அட லூசு. கல்யாணமாயி வந்ததுலேருந்து அவரு மூஞ்சியத்தான் பாக்குறேன். இன்னிக்கு முதுவப் பாத்ததுந்தான் எனக்குத் தெம்பே வந்துச்சு. உங்கப்பா மேக்க பாத்து நிக்கிறாருன்னா, தெப்பம் தண்ணியில எறங்கிடுச்சுன்னு அர்த்தம். அதான் உக்காந்துட்டேன்."

அப்பா இப்போது இல்லை. கலியபெருமாள் மாமாவும் காசிம் பாயும் இல்லை. லாரிகளுக்கு இப்போது டியூப்பே இல்லாத டயர்தான். தண்டவாளத் துண்டு இருந்த கொட்டகை இடத்தில் ஒரு செல்போன் கோபுரம் நிற்கிறது. போன ஆடியில் தண்ணீர் வந்து, மாடு ஓட்டப்போன ஒருவர் திட்டில் சிக்கிக்கொண்டார். அரியலூரிலிருந்து அம்மாவைப் பார்க்கப் போயிருந்த நானும் அவளைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். தீயணைப்புத் துறையினர் ரப்பர் படகோடு வந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர், பயிற்சி எடுத்தவர்களாம், உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு கூடவே ஏறினார்கள். என்ன சுறுசுறுப்பு, என்ன தைரியம்! பார்க்கவே பெருமையாக இருந்தது. கரை முழுக்கக் கூட்டம், எல்லார் கையிலும் போன், எல்லார் முகமும் திட்டைப் பார்த்து.

"மேக்க யாருப்பா நிக்கிறா?" என்று அம்மா ஒரு தீயணைப்பு வீரரைக் கேட்டாள்.

"மோட்டார் படகும்மா. எது வந்தாலும் சட்டுன்னு ஒதுங்கிடும், பயப்படாதீங்க" என்றார் அவர் மரியாதையாக.

"நல்லதுப்பா" என்றாள் அம்மா.

மாட்டிக்கொண்டவரின் மனைவி, சின்னப் பெண், கூட்டத்தைத் தடுக்கக் கயிறு கட்டியிருந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்களே தவிர, அவளுக்கென்று அந்தக் கரையில் ஒரு வேலையும் இல்லை. அம்மா மெல்ல நடந்து போய் அவள் கையைப் பிடித்தாள். மூக்குக்கரைக்கு அழைத்துக்கொண்டு போய், தோளைத் தொட்டு மேற்கே திருப்பி நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்றாள்.

பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. அந்தப் பெண் திட்டுப் பக்கம் திரும்பப் போனாள். அம்மா விடவில்லை.

"அத அவங்க பாத்துப்பாங்க. இங்க மரம் ஏதும் வருதா, நல்லாப் பாத்துச் சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"ஒண்ணும் வரல பெரியம்மா."

"அதான் வேணும். பாத்துக்கிட்டே இரு."